யோபுவின் நண்பர்கள்

1

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. கத்தோலிக்கர்களுக்கு அது சகல புனிதர்களின் திருநாள். போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனில் காலை ஒன்பதரை மணியளவில் தேவாலயங்கள் அனைத்தும் நிறைந்திருந்தன. அப்போது பூமி அதிர்ந்தது. சில நிமிடங்களுக்குள் கல்லால் கட்டப்பட்ட கூரைகள் வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன. தப்பியவர்கள் திறந்தவெளியைத் தேடித் தேஜோ ஆற்றின் துறைக்கு ஓடினார்கள். அங்கே நீர் பின்வாங்கி, பிறகு பேரலையாக ஏறிவந்து அவர்களை இழுத்துச் சென்றது. திருநாளுக்காக ஏற்றப்பட்ட மெழுகுவர்த்திகளிலிருந்தும் வீட்டு அடுப்புகளிலிருந்தும் பரவிய தீ பல நாட்கள் எரிந்தது. அவ்வாண்டுதான் திறக்கப்பட்டிருந்த இசைநாடக அரங்கும், 70,000 நூல்களைக் கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் அரண்மனை நூலகமும் அழிந்தன. இறந்தவர்களின் எண்ணிக்கையில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்தில்லை. பல பத்தாயிரங்கள் என்று மட்டும் சொல்லலாம்.

இடிபாடுகளுக்கு நடுவே நின்றவர்கள் கேட்ட முதல் கேள்வி 'ஏன்?' என்பது. அதற்கான பதில்கள் உடனே வந்தன, ஏராளமாக. இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி போன்ற புராட்டஸ்டண்டு போதகர்கள், அந்நகரத்தின் மதவிசாரணை மன்றம் சிந்திய ரத்தத்துக்குக் கடவுள் கணக்குத் தீர்த்துவிட்டார் என்று எழுதினார்கள். புராட்டஸ்டண்டு வணிகர்களை நகரத்தில் சகித்துக்கொண்டதற்கே இந்தத் தண்டனை என்று லிஸ்பனின் கத்தோலிக்கர்கள் சிலர் எண்ணினார்கள். விசாரணை மன்றத்தின் மாளிகையே இடிந்து கிடந்ததைத் தம் தரப்புக்கு ஆதாரமாக ஒருவர் காட்டலாம். விலைமாதர் தெரு தப்பித்துவிட்டதே என்று இன்னொருவர் மறுக்கலாம். ஒரே பேரழிவு, நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். இரு தரப்பாருக்கும் தாங்கள் கடவுளின் மனதை வாசித்துவிட்டோம் என்பதில் ஐயமே இல்லை.

இவர்களில் கப்ரியேல் மலாக்ரிடாவின் கதை துயரமானது. இத்தாலியில் பிறந்து, பிரேசிலில் நெடுங்காலம் ஊழியம் செய்த முதிய ஏசுசபைத் துறவி. 1756இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பூகம்பத்துக்கு இயற்கைக் காரணங்களைத் தேடுவது பாவம், மக்களின் பாவங்களே உண்மையான காரணம், நகரத்தை மீண்டும் கட்டுவதைவிடத் தவமும் பிரார்த்தனையுமே அவசரமானவை என்பது அதன் சாரம். அப்போது நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்திருந்தவர் செபாஸ்தியாவ் கார்வாலோ. பின்னாளில் பொம்பால் பிரபு என்று அறியப்பட்டவர். பிணங்களைப் படகுகளில் ஏற்றிக் கடலில் அடக்கம் செய்வது, தானிய விலை ஏறாமல் பார்த்துக்கொள்வது, கொள்ளையரைத் தூக்கிலிடுவது என்று இரவுபகலாக உழைத்துக்கொண்டிருந்த அவருக்கு இந்தப் பிரசங்கம் பெரும் இடையூறு. மலாக்ரிடா நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டார். 1758இல் அரசர் மீது நடந்த கொலைமுயற்சியோடு அவர் தொடர்புபடுத்தப்பட்டார். இறுதியில் அதே மதவிசாரணை மன்றம் அவரை வேதவிரோதி என்று தீர்ப்பளித்தது. மன்றத்தின் தலைமையில் அப்போது இருந்தவர் பொம்பாலின் சகோதரர். 1761 செப்டம்பர் 21 அன்று, எழுபது வயதைக் கடந்த அந்த மனிதர் பொதுச் சதுக்கத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

கடவுளின் கணக்கைத் தான் அறிவதாக நம்பிய ஒரு மனிதரை, கடவுளின் பெயரால் இயங்கிய ஒரு மன்றம் கொன்றது. அந்த மன்றம் உண்மையில் அரசின் கைக்கருவியாக இருந்தது. அறிய முடியாததை அறிந்ததாகச் சொல்வது வெறும் தர்க்கப்பிழை அல்ல, அதில் அறம் சார்ந்த ஒரு பிழையும் இருக்கிறது என்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டில் உருவாகி வந்த வழியைத்தான் இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

2

லிஸ்பனின் இடிபாடுகளுக்குள் விழுந்தவற்றில் ஒரு தத்துவமும் உண்டு. 1710இல் லைப்னிட்ஸ் 'தியோடிசி' என்ற நூலை வெளியிட்டார். கடவுளின் நீதியை நிறுவுதல் என்பது அந்தச் சொல்லின் பொருள். அனைத்தையும் அறிந்த, எல்லையற்ற நன்மை கொண்ட ஒரு படைப்பாளி, சாத்தியமான உலகங்களிலேயே சிறந்ததைத்தான் படைத்திருக்க முடியும். ஆகவே இங்கே தீமையாகத் தெரிவது முழு ஓவியத்தைப் பார்க்க இயலாத நமக்குத்தான் தீமை. கணித மேதை ஒருவரின் கையில் இது நுட்பமான வாதம். அடுத்த அரை நூற்றாண்டில் அது வரவேற்பறைகளில் புழங்கும் ஆறுதல் வாசகமாக ஆகிவிட்டது.

வால்டேர் அந்த ஆறுதலைத் தாங்கமுடியாமல் லிஸ்பன் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். தாயின் மார்பில் நசுங்கிய குழந்தை செய்த பாவம் என்ன, லிஸ்பன் லண்டனையும் பாரிஸையும்விடப் பாவம் மிகுந்த நகரமா என்பவை அதன் கேள்விகள். ரூஸோ 1756 ஆகஸ்டில் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பினார். ஆறேழு மாடிகள் கொண்ட வீடுகளை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையல்ல, மனிதர்களே என்பது அவர் வாதங்களில் ஒன்று. பேரிடரின் சேதத்தில் மனித ஏற்பாடுகளின் பங்கு என்ன என்ற இன்றைய கேள்வி அதில் முளைவிட்டிருக்கிறது. வால்டேர் 1759இல் 'காண்டீட்' நாவலை வெளியிட்டார். அதில் பூகம்பம் மீண்டும் வராமல் தடுப்பதற்காக லிஸ்பனின் அறிஞர்கள் சில மனிதர்களை எரிக்கிறார்கள்.

இந்தப் புகழ்பெற்ற விவாதத்திலிருந்து வெகுதொலைவில், பிரஷ்யாவின் கிழக்கு மூலையிலிருந்த கோனிக்ஸ்பெர்க் நகரத்தில், 31 வயதான ஊதியமற்ற ஆசிரியர் ஒருவர் லிஸ்பனைப் பற்றி வந்த செய்திகளையெல்லாம் சேகரித்துக்கொண்டிருந்தார். குதிரைச் சேணம் செய்யும் கைவினைஞரின் மகன். பெயர் இம்மானுவேல் காண்ட். 1756இன் தொடக்க மாதங்களில் பூகம்பம் குறித்து அவர் மூன்று கட்டுரைகள் எழுதினார். பூமிக்கடியில் உள்ள குகைகளில் எரியக்கூடிய வாயுக்கள் வெடிப்பதால் பூகம்பம் உண்டாகிறது என்பது அவரது விளக்கம். அது தவறு என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் வால்டர் பெஞ்சமின் 1931இல் குழந்தைகளுக்காக ஆற்றிய வானொலி உரையில் இந்தக் கட்டுரைகளைப் பெருமதிப்போடு நினைவுகூர்ந்தார். அவற்றின் மதிப்பு விடையில் இல்லை, கேள்வியை மாற்றியதில் இருக்கிறது.

அதிர்வு எந்தத் திசையில் பரவியது, எங்கெங்கே நீர்நிலைகள் கலங்கின, ஆற்றின் போக்கிலேயே நகரத்தை நீட்டிக் கட்டுவது சரியா என்று காண்ட் கேட்கிறார். பிறகு ஓரிடத்தில் நின்று, இப்படிப்பட்ட அழிவுகளைத் தண்டனை என்று சொல்பவர்களைப் பற்றிப் பேசுகிறார். கடவுளின் நோக்கங்களை ஊகித்து, அந்த ஊகத்தைத் தன் விருப்பப்படி பிறர்மேல் பொருத்துவது மன்னிக்கமுடியாத துடுக்குத்தனம் என்கிறார். துயருற்றவர்களிடம் நாம் காட்டவேண்டிய அன்புக்கும் அது எதிரானது என்கிறார். இந்த இரண்டாவது குரல்தான் கவனிக்கத்தக்கது. அவரைச் சங்கடப்படுத்தியது இறையியலின் தர்க்கக் குறைபாடு மட்டும் அல்ல. இறந்தவனைப் பார்த்து 'உனக்கு இது வேண்டும்' என்று சொல்லும் குரலில் உள்ள இரக்கமின்மையும்தான்.

3

அந்தத் துடுக்குத்தனத்தைத் தத்துவரீதியாக முறியடிக்க அவருக்கு மேலும் கால்நூற்றாண்டு தேவைப்பட்டது. இடையில் வேடிக்கையான ஓர் அத்தியாயம் உண்டு. ஸ்வீடனின் இம்மானுவேல் ஸ்வீடன்போர்க், தான் ஆவிகளோடு உரையாடுவதாகவும் மறு உலகத்தைக் கண்டுவந்ததாகவும் எழுதிக்கொண்டிருந்தார். 1759இல் ஸ்டாக்ஹோமில் எரிந்த தீயை வெகுதூரத்திலிருந்தே கண்டு சொன்னார் என்ற கதை ஐரோப்பாவெங்கும் பரவியிருந்தது. காண்ட் அவரது எட்டு பெரிய தொகுதிகளை ஏழு பவுன் கொடுத்து வாங்கி முழுக்கப் படித்தார். கொடுத்த பணம் வீண் என்ற எரிச்சலும் சேர்ந்து, 1766இல் 'ஓர் ஆவிதரிசியின் கனவுகள்' என்ற நூலைத் தன் பெயரில்லாமல் வெளியிட்டார்.

கேலி நிறைந்த நூல் அது. ஆனால் கேலி ஸ்வீடன்போர்க்கோடு நிற்கவில்லை. ஆவிகளைக் கண்டதாகச் சொல்பவருக்கும், ஆன்மாவின் அழியாமையைத் தர்க்கத்தால் நிறுவிவிட்டதாகச் சொல்லும் பேராசிரியருக்கும் என்ன வேறுபாடு? இருவரும் அனுபவத்தின் எல்லைக்கு வெளியே வீடு கட்டுகிறவர்கள்தானே? தத்துவத்தின் உண்மையான பணி மனித அறிவின் எல்லைகளை அறிவது என்று முதல்முறையாக அங்கே சொல்கிறார். நூலின் இறுதியில், நல்லவனாக இருப்பதற்கு மறு உலகத்தைப் பற்றிய அறிவு உண்மையிலேயே தேவைதானா என்றும் கேட்கிறார். பரிசும் தண்டனையும் உறுதியாக உண்டு என்று தெரிந்தால்தான் ஒருவன் தீமையிலிருந்து விலகுவான் என்றால், அவன் உள்ளத்தில் தீமைதானே இருக்கிறது?

1781இல், 57ஆம் வயதில், காண்ட் 'தூய அறிவின் விமர்சனம்' நூலை வெளியிட்டார். தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்ற சொல்லுக்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு என்பதால் அதைத் தவிர்த்து இங்கே 'அறிவு' என்றே எழுதுகிறேன். மிகச் சுருக்கமாகச் சொன்னால் நூலின் வாதம் இது. நாம் உலகத்தை உள்ளபடி அறிவதில்லை. காலம், இடம், காரண-காரியம் போன்ற வடிவங்களின் வழியாகவே நமக்கு எதுவும் தோன்றுகிறது. அவ்வடிவங்கள் நம் அறிதலின் அமைப்பைச் சேர்ந்தவை. ஆகவே தோற்றங்களின் உலகத்தில் நம் அறிவு உறுதியானது. நியூட்டனின் அறிவியல் அங்கே பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் கடவுள் உண்டா, ஆன்மா அழியாததா, மனிதன் சுதந்திரமானவனா என்ற கேள்விகள் அந்த எல்லைக்கு அப்பால் உள்ளவை. நம் அறிவால் அவற்றைக் கேட்காமல் இருக்கவும் இயலாது, விடை காணவும் இயலாது.

இதை ஒரு தோல்வி என்று பலர் வாசித்தார்கள். அனைத்தையும் தகர்ப்பவர் என்று மோசஸ் மெண்டல்ஸோன் காண்டைக் குறிப்பிட்டார். ஆனால் எல்லைக்கல் நடுகிறவன் நிலத்தை இழப்பதில்லை. எது தன்னுடையது என்பதை உறுதிசெய்கிறான், அடுத்தவன் உள்ளே வருவதையும் தடுக்கிறான். கடவுள் உண்டென்று நிறுவ முடியாது என்ற அதே காரணத்தால் இல்லையென்றும் நிறுவ முடியாது. மனிதனும் ஓர் இயந்திரமே, அவனுக்குச் சுதந்திரம் இல்லை என்று சொல்லும் பொருள்முதல்வாதியும் எல்லை தாண்டியவனே. அறிவுக்கு எல்லை வகுத்ததன் மூலம் நம்பிக்கைக்கு இடம் ஏற்படுத்தியதாக 1787இன் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் காண்ட் சொல்வதை இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியென்றால் அறம் எதன் மீது நிற்கும்? 1785இலும் 1788இலும் வெளிவந்த அவருடைய அறவியல் நூல்கள் இதற்குப் பதில் சொல்கின்றன. 'நான் எதைச் செய்யவேண்டும்?' என்று தெரிந்துகொள்ள உலகத்தின் இறுதி ரகசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் செயலின் விதி எல்லோருக்குமான விதியாக இருக்க முடியுமா, எதிரே நிற்கும் மனிதனை வெறும் கருவியாக நான் நடத்துகிறேனா என்ற கேள்விகள் போதும். அவற்றுக்குப் பதில் சொல்லக் கல்வியும் வேண்டாம், இறையியலும் வேண்டாம். சேணம் தைப்பவரும் பதில் சொல்லமுடியும்.

1788இன் 'செயல் அறிவின் விமர்சன'த்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. ஒருவேளை கடவுளையும் மறுமையையும் நாம் ஐயத்துக்கிடமின்றி அறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காண்ட் அங்கே ஒரு கற்பனைச் சோதனை செய்கிறார். யாரும் சட்டத்தை மீறமாட்டார்கள். எல்லோரும் ஒழுங்காக நடப்பார்கள், ஆனால் பெரும்பாலும் பயத்தால், ஓரளவு ஆசையால். கடமை என்று உணர்ந்து செய்யும் செயல் ஒன்றுகூட இருக்காது. மனிதர்கள் பொம்மலாட்டப் பாவைகளைப் போல அழகாக அசைவார்கள், உயிர் இருக்காது. அதாவது, நம் அறியாமை நம் அறத்துக்குத் தடையல்ல. அறம் என்ற ஒன்று இருப்பதற்கான நிபந்தனையே அதுதான். லிஸ்பனின் போதகர்கள் கோரிய அந்த முழு அறிவு உண்மையிலேயே அவர்களுக்குக் கிடைத்திருந்தால், அவர்கள் போற்றிய புண்ணியம் என்பதே இல்லாமல் போயிருக்கும்.

4

1786இல் மகா ஃபிரெடரிக் இறந்தார். தத்துவவாதிகளோடு பழகிய அந்த அரசருக்குப் பின் வந்த இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியம் மதப்பற்றும் ரகசியச் சபைகளில் ஈடுபாடும் கொண்டவர். 1788இல் அவருடைய அமைச்சர் வொல்னர் ஒரு மத ஆணையைப் பிறப்பித்தார். போதகர்கள் அங்கீகரிக்கப்பட்ட கோட்பாட்டிலிருந்து விலகிப் பேசக்கூடாது. அதே ஆண்டின் இறுதியில் தணிக்கை ஆணையும் வந்தது. நம்பிக்கையை அறிக்கையிடு, இல்லையேல் பதவி இல்லை என்ற நிலை.

இந்தச் சூழலில், 1791 செப்டம்பரில், பெர்லினின் மாத இதழ் ஒன்றில் காண்டின் சிறு கட்டுரை வெளிவந்தது. இறைநீதியை நிறுவத் தத்துவம் செய்த எல்லா முயற்சிகளும் தோற்றுவிட்டன என்பது அதன் தலைப்பின் பொருள். முதல் பாதியில் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுபடி செய்கிறார். இரண்டாம் பாதியில் எதிர்பாராதவிதமாக விவிலியத்தின் யோபுவிடம் செல்கிறார்.

கதை நமக்குத் தெரிந்ததே. செல்வமும் மக்களும் உடல்நலமும் கொண்டிருந்த நல்ல மனிதன் யோபு. ஒருநாள் அனைத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் ஆறுதல் சொல்ல வருகிறார்கள். கடவுள் நீதிமான், நீ துன்புறுகிறாய், ஆகவே நீ பாவம் செய்திருக்கவேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் ஆறுதல். தன் மனசாட்சியில் அப்படிப்பட்ட குற்றம் எதுவும் இல்லை என்று யோபு மறுத்துக்கொண்டே இருக்கிறான். கடைசியில் கடவுள் பேசுகிறார். தன்னை எதிர்த்து வாதிட்ட யோபுவின் மேல் அல்ல, தனக்காக வாதாடிய நண்பர்கள் மேல்தான் அவர் கோபம் கொள்கிறார்.

ஏன்? காண்டின் பதில் எளிமையானது. யோபு தான் நினைத்ததைப் பேசினான். நண்பர்களோ வல்லவர் ஒருவர் மறைந்திருந்து கேட்கிறார், அவர் மனம் குளிரவேண்டும் என்ற நினைப்பில் பேசினார்கள். தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகவும், உணராததை உணர்ந்ததாகவும் காட்டிக்கொண்டார்கள். ஆகவே இந்த வழக்கில் தீர்ப்பு நேர்மைக்கும் முகத்துதிக்கும் இடையிலானது, அறிவின் அளவு அங்கே பொருட்டல்ல. இப்படிச் சொல்லிவிட்டு, யோபு இன்றைய மதநீதிமன்றங்கள் முன் நின்றிருந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றில் மோசமான தீர்ப்புத்தான் கிடைத்திருக்கும் என்றும் சேர்க்கிறார். பெர்லினில் அதை வாசித்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று விளங்காமல் இருந்திருக்காது.

சில ஆண்டுகளில் அவரும் அந்த மன்றத்தின் முன் நிற்கவேண்டி வந்தது. 1793இல் மதம் பற்றிய அவரது நூல் தணிக்கையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பல்கலைக்கழகத் துறையின் ஒப்புதலோடு வெளியானது. 1794 அக்டோபர் 1 தேதியிட்டு அரசரின் பெயரால் வொல்னர் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. கிறிஸ்தவத்தை இழிவுபடுத்துகிறீர், தொடர்ந்தால் விரும்பத்தகாத விளைவுகள் ஏற்படும் என்ற எச்சரிக்கை. காண்டுக்கு அப்போது 70 வயது. தன் கருத்துக்களில் எதையும் திரும்பப் பெற அவர் மறுத்தார். ஆனால் 'மேன்மை தங்கிய தங்களின் மிக விசுவாசமான குடிமகன் என்ற வகையில்' இனி மதம் பற்றிப் பேசுவதில்லை என்று வாக்களித்தார். 1797இல் அரசர் இறந்ததும் அந்த வாக்குறுதி முடிந்துவிட்டது என்று கொண்டு, மறு ஆண்டே கடிதங்கள் இரண்டையும் வெளியிட்டார். அந்தச் சொற்றொடரை இதற்காகவே கவனமாகத் தேர்ந்ததாகவும் சொன்னார்.

சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கவேண்டும், ஆனால் உண்மை எல்லாவற்றையும் சொல்லியாகவேண்டும் என்பதில்லை என்று அவர் ஒரு குறிப்பில் எழுதிவைத்திருந்தார். இது யோபுவின் வீரம் அல்ல. ஆனால் நண்பர்களின் முகத்துதியும் அல்ல. வயோதிகத்தில் தனியாக இருக்கும் ஒரு பேராசிரியருக்கு இவற்றுக்கிடையே கிடைத்த குறுகலான வழி என்று சொல்லலாம்.

5

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் காண்ட் நமக்கு ஒரு முன்னுதாரணமாக மட்டும் எஞ்சியிருப்பார். ஆனால் யோபு பற்றிய அந்தக் கட்டுரை வெளிவந்த அதே காலத்தில், 1791 ஆகஸ்டில், ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மரியா ஃபான் ஹெர்பெர்ட் என்ற இளம்பெண். காண்டின் நூல்களை ஆழ்ந்து படித்தவர். தான் நேசித்தவரிடம் நீண்டநாள் ஓர் உண்மையை மறைத்திருந்தார். பிறகு மனம் பொறுக்காமல் சொல்லிவிட்டார். அவர் விலகிப்போய்விட்டார். உங்கள் நூல்கள் தடுத்திராவிட்டால் என் உயிரை முடித்துக்கொண்டிருப்பேன், எனக்கு ஆறுதல் சொல்லுங்கள் அல்லது கண்டியுங்கள் என்று கெஞ்சும் கடிதம் அது.

காண்ட் அதை அலட்சியப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டின் வசந்தத்தில் கவனமாக ஒரு பதில் எழுதினார். ஒரு பிரசங்கத்தைப் போல அது போதனை, கண்டனம், ஆறுதல் என்ற வரிசையில் அமைந்தது. பொய் எவ்வளவு கேடானது என்று விளக்கினார். அந்த மனிதரின் அன்பு உண்மையானதென்றால் காலம் அதை மீட்டுத்தரும், அல்லவென்றால் எப்படியும் அது மறைந்திருக்கக்கூடியதே என்றார். ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருக்கிறது. கடிதம் முழுவதும் தவறாக இருக்கிறது. சாம்பலில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் நின்று, அவர் நிலைக்குக் காரணம் சொல்லும் கடிதம் அது.

மரியா 1793 ஜனவரியில் மீண்டும் எழுதினார். என் மனசாட்சி இப்போது தெளிவாக இருக்கிறது, ஆனால் உள்ளே வெறுமை மட்டும் இருக்கிறது, அறச்சட்டத்தைப் பின்பற்றுவது எனக்கு மிக எளிதாகிவிட்டது, ஏனெனில் எனக்கு ஆசைகளே இல்லை என்ற பொருளில் எழுதினார். காண்டின் தத்துவத்துக்கு எழுதப்பட்ட மிகக் கூர்மையான மறுமொழிகளில் ஒன்று இது என்பது என் எண்ணம். ஆசையை வென்று கடமையைச் செய்பவன் உயர்ந்தவன் என்றால், ஆசையே வற்றிப்போன ஒருத்தியின் கடமைக்கு என்ன பொருள்? காண்ட் பதில் எழுதவில்லை. மரியாவின் கடிதங்களை ஒரு நண்பரின் மகளுக்கு அனுப்பிவைத்தார், கற்பனை வழிதவறினால் என்ன ஆகும் என்பதற்கான எச்சரிக்கையாக. 1803இல் மரியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் சாவுக்குக் காண்டைப் பொறுப்பாக்குவது அநியாயம். பத்தாண்டுகள் கழித்து நிகழ்ந்த ஒன்றுக்கு நாமும் காரணம் கற்பிக்கக் கூடாது. ஆனால் யோபுவின் நண்பர்களை அவ்வளவு துல்லியமாக அடையாளம் கண்ட மனிதர், தன் வாசலுக்கு வந்த துயரத்தின் முன் அவர்களில் ஒருவராக மாறிவிட்டார் என்பதை மறுக்கமுடியவில்லை. கடவுளின் மனதை நாம் வாசிக்கமுடியாது என்று எல்லை வகுத்தவர், இன்னொரு மனிதரின் மனமும் அப்படி ஓர் எல்லைதான் என்பதை அங்கே மறந்தார்.

1797இல் அவர் எழுதிய சர்ச்சைக்குரிய கட்டுரையிலும் இந்தச் சிக்கல் தெரிகிறது. கொலைகாரன் ஒருவன் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாதா என்று பெஞ்சமின் கான்ஸ்டன்ட் கேட்டிருந்தார். கூடாது என்கிறார் காண்ட். அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று வியப்பளிப்பது. விளைவுகள் உனக்குத் தெரியாது. நீ இல்லை என்று சொல்ல, நண்பன் பின்வாசல் வழியே வெளியேறியிருக்க, கொலைகாரன் அவனைத் தெருவில் சந்தித்தால் என்ன செய்வாய்? அறிவின் எல்லை என்ற அதே வாதம்தான். ஆனால் இங்கே அது அடக்கத்திலிருந்து பிறக்கவில்லை, கைகழுவுவதற்குப் பயன்படுகிறது. எதிர்காலம் முழுமையாகத் தெரியாது என்பது உண்மை. கதவருகே நிற்பவன் கையில் உள்ளது கத்தி என்பதும் உண்மை.

6

லிஸ்பனின் விவாதம் 179 ஆண்டுகளுக்குப் பிறகு நம் மண்ணில் மறுபடியும் நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று பிகாரையும் நேபாளத்தையும் பெரும் பூகம்பம் தாக்கியது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழகத்தில் பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனையே இந்தப் பூகம்பம் என்று தான் நம்புவதாகச் சொன்னார்.

தாகூர் அதிர்ந்து போனார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்தியோடு முழுமையாக நின்றவர். ஆனால் இயற்பியல் நிகழ்வுக்கு இயற்பியல் காரணங்களே உண்டு என்று அவர் ஓர் அறிக்கை எழுதினார். காந்தி அதைத் தன் 'ஹரிஜன்' இதழிலேயே பிப்ரவரியில் வெளியிட்டுப் பதிலும் எழுதினார். தாகூரின் வாதங்களில் இரண்டு முக்கியமானவை. குற்றமற்ற குழந்தைகளையும் ஒடுக்கப்பட்டவர்களையும் சேர்த்தே கொன்று பாடம் நடத்தும் கடவுள், சாதாரண மனிதனைவிடவும் ஒழுக்கத்தில் தாழ்ந்தவராகிவிடுவார். இரண்டாவதாக, இவ்வகை வாதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும். தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் பூகம்பம் வந்தது என்று சனாதனிகள் திருப்பிச் சொன்னால் என்ன பதில்? 1755இன் போதகர்களைப் போல இரு தரப்பும் ஒரே இடிபாட்டை ஆதாரமாகக் காட்டமுடியும்.

காந்தியின் பதிலை எளிதாக ஒதுக்கிவிடவும் முடியாது. என்னால் இதை நிரூபிக்க முடியாது, ஆனால் மனப்பூர்வமாக நம்புவதை ஏளனத்துக்கு அஞ்சி மறைப்பது எனக்குப் பொய்யாகும் என்ற பொருளில் அவர் எழுதினார். யோபுவிடம் காண்ட் கண்ட நேர்மை இதுதான். ஆனால் சொன்னதன் உள்ளடக்கம் நண்பர்களுடையது. நேர்மையும் எல்லை மீறலும் ஒரே மனிதரின் ஒரே வாக்கியத்தில் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. காந்தி இந்த நம்பிக்கையைத் தன் சமூகத்தின் பாவத்துக்கு எதிராகத் திருப்பினார் என்பது மலாக்ரிடாவுக்கும் அவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு. எனினும் முங்கேரில் மண்ணுக்குள் புதைந்தவர்களிடம் அந்த விளக்கம் என்ன சொல்லியிருக்கும்?

நம் மரபும் இந்தக் கேள்வியை அறியாததல்ல. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் காட்டி அறத்தின் வழியைப் பற்றிப் பேசும் 37ஆம் குறளைப் பரிமேலழகர் ஒருவிதமாக வாசிக்கிறார். அறத்தின் பயனை நூல்களைக் கொண்டு விளக்கவேண்டியதில்லை, இந்த இருவரையும் கண்ணால் பார்த்தாலே போதும் என்பது அவர் உரை. அறத்தின் விளைவு இதுதான் என்று அந்த இருவரையும் பார்த்துச் சொல்லிவிடாதே என்று அதே சொற்களுக்குப் பிற்கால உரையாளர்கள் பொருள் கண்டார்கள். ஒரே குறளில் யோபுவின் நண்பனும் யோபுவும் இருக்கிறார்கள். எந்த வாசிப்பு இலக்கணப்படி சரி என்பதைப் புலவர்கள் வாதிடட்டும். பல்லக்கைச் சுமப்பவன் முன்னால் நின்று எந்த உரையைச் சொல்ல நமக்கு வாய் வரும் என்பது வேறொரு கேள்வி.

7

இந்த வரலாற்றிலிருந்து நான் புரிந்துகொள்வது இது. பிறருடைய துன்பத்துக்கு இறுதிக் காரணம் சொல்லும்போது நாம் எப்போதும் நமக்குத் தெரிந்ததற்கு மேல் சொல்கிறோம். அந்த மிகை நமக்கு ஓர் ஆதாயம் தருகிறது. உலகம் ஒழுங்காக இயங்குகிறது, இது எனக்கு நேராது என்ற நிம்மதி. அதன் விலையைத் துன்புறுகிறவர் செலுத்துகிறார். சாவு வீட்டில் 'எல்லாம் அவரவர் விதி' என்று சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர் முதல், 2004 டிசம்பரில் கடற்கரைகளில் பிணங்கள் ஒதுங்கிக்கொண்டிருந்தபோதே பாவக்கணக்குப் பேசிய பல மதத்தவர்கள் வரை, அனைவரிடமும் இந்த நிம்மதியின் தேவையைக் காணலாம். அறியமுடியாது என்று ஒப்புக்கொள்வதை அறிவின் பணிவு என்று மட்டும் கருதியிருந்தோம். அது அடுத்தவருக்குச் செய்யும் நீதியும்கூட.

காண்டின் தவறுகள் இதற்கு ஒரு திருத்தத்தைச் சேர்க்கின்றன. தெரியாது என்று சொல்வதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தெரியாது என்பதையே காரணமாக்கிக் கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியும். மரியாவுக்கு வேண்டியிருந்தது விளக்கம் அல்ல, இன்னொரு கடிதம்.

லிஸ்பனுக்குத் திரும்புவோம். பொம்பாலைப் புனிதராக்க வேண்டியதில்லை. மலாக்ரிடாவை எரித்த நெருப்பு அவருடையது. ஆனால் பூகம்பத்துக்குப் பின் அவரது நிர்வாகம் நாட்டின் எல்லாப் பங்குகளுக்கும் ஒரு கேள்விப் பட்டியலை அனுப்பியது. அதிர்வு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை வீடுகள் இடிந்தன? எத்தனை பேர் இறந்தார்கள்? குருமாரும் படையினரும் அதிகாரிகளும் உடனடியாக என்ன செய்தார்கள்? கிராமத்துப் பங்குக்குருக்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பினார்கள். அந்தப் பதில்களில் பல லிஸ்பனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. 1755இன் அதிர்வைக் கணக்கிட விரும்பும் நிலவியலாளர்கள் இப்போதும் அவற்றைப் புரட்டுகிறார்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற இரண்டு வகைக் கேள்விகள் மட்டுமே அந்தப் பட்டியலில் இருந்தன. எந்தப் பாவத்துக்காக என்று யாரிடமும் கேட்கப்படவில்லை.